லாரிக்கு சைலன்சர் மாட்டும் தம்பிக்கு



கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையும் வேலூரிலிருந்து விழுப்புரம் இறங்கும் சாலையும் சந்திக்கிற திருவண்ணாமலையில் பட்டறை போட்டிருக்கிறாய். ஆரணி அரிசி ஏற்றிய லாரி, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பு லாரி, மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் தோஸ்த் மினி லாரி என்று எல்லாம் உன் வாசல் வழியாகத்தான் போகும். துருவேறி ஓட்டை விழுந்த சைலன்சரைக் கழற்றிப் புதியதை மாட்டுவது உனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் மாட்டி அனுப்பிய வண்டி நாலு நாளில் திரும்பி வரும். "வெளியே சத்தமே இல்ல தம்பி, கேபினுக்குள்ளதான் உட்கார முடியல, மண்டைக்குள்ள ம்ம்னு நிக்குது" என்பார் டிரைவர். அந்தப் புகார் வராமலிருக்க நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பட்டறையில் கேட்கிற சத்தத்தை வைத்து சைலன்சரைத் தேர்ந்தெடுக்காதே. அந்த வண்டி ரோட்டில் அதிக நேரம் எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று கேட்டுத் தேர்ந்தெடு.

காரணம் எளிய கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆர்பிஎம்மை 60-ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கினால், ஒரு விநாடிக்கு எத்தனை முறை புகை உந்தித் தள்ளப்படுகிறது என்று தெரியும். நான்கு சிலிண்டர் வண்டி 1,800-ல் ஓடினால் 60; அதாவது 60 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் தோஸ்த் அதே 60-ஐத் தொட 2,400 சுற்ற வேண்டும். ஆறு சிலிண்டர் லாரிக்கு 1,200 போதும். டாப் கியரில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகும்போது இந்த எண் மாறுவதில்லை. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல ஒரே சுருதி விடாமல் நிற்கிறது. போதாததற்குக் கேபினும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேபின் ஒரு மூடிய பெட்டி. இரண்டு கதவுக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால் உள்ளே உள்ள காற்று சுமார் 85 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும். ஆறு சிலிண்டர் லாரி 1,700-ல் எழுப்புவதும் அதே 85. இரண்டும் பொருந்திய இடத்தில் கூரைத் தகடு வரை உறுமும். 2,000-க்கு ஏற்றினால் உறுமல் அடங்கிவிடும். ஆகவே "ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் வருது" என்று டிரைவர் சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. எந்த மீட்டரும் தராத தகவல் அது. அந்த ஆர்பிஎம்மை ஜாப் கார்டில் எழுதி வை.

இனி சைலன்சருக்குள் என்ன இருக்கிறது என்று பார். ஒரு வகையில் துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். இன்னொன்றில் தகடு வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். பஞ்சு, காதைக் குத்தும் மேல்ஸ்தாயிச் சத்தத்தை நன்றாகவே உறிஞ்சும். அதனால் ஐடிலில் ஓடவிட்டுக் கேட்டால் அதுதான் அமைதியாகத் தோன்றும். ஆனால் 300 டிகிரி சூட்டில் உள்ள புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 480 மீட்டர் ஓடுகிறது; 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலையின் நீளம் 8 மீட்டர். நான்கு விரல்கடைப் பஞ்சு அதை ஒன்றும் செய்யாது. அந்த அலையை அடக்க இடம் வேண்டும்: பெரிய கொள்ளளவு, சரியாகப் பிரித்த அறைகள், புகை விரிந்து மீண்டும் சுருங்க வேண்டிய கட்டாயம். டெசிபல் மீட்டரும் இங்கே கைவிடும். வழக்கமான 'ஏ' அளவை 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபலைக் கழித்துக்கொண்டுதான் காட்டும். ஓடும் வண்டியின் சத்தத்தை 7.5 மீட்டர் தள்ளி நின்று அளக்கும் அரசுச் சோதனையும் இதே அளவையில்தான் நடக்கிறது. சோதனையில் தேறிய சைலன்சர் கேபினை அதிரவைப்பது இப்படித்தான். மீட்டரை, கீழ்ஸ்தாயியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவைக்கு மாற்றி, கண்ணாடியை ஏற்றி, டிரைவர் சீட்டில் வைத்து, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்.

இதற்கு முதலாளிகள் சொல்லும் மறுப்பு உனக்குத் தெரியும்: அறை வைத்தால் இழுவை போகும், மைலேஜ் குறையும், நேர்க்குழாய்தான் நல்லது. அதில் பாதி உண்மை. டர்போவுக்குப் பின்னால் புகை திணறினால் இன்ஜின் சோர்ந்துபோகும். அந்தத் திணறல் குறுகிய குழாயாலும் நெருக்கமாக வைத்த தகடுகளாலும் வருகிறது; பெரிய வயிற்றால் வருவதில்லை. குழாய் விட்டம் கம்பெனிக் குழாயை விடக் குறையாமல், உடம்பு பெரிதாக இருந்தால் அமைதியும் கிடைக்கும், மூச்சும் முட்டாது. சிக்கல் வருவது விலையைக் குறைக்க உடம்பைச் சிறிதாக்கி, உள்ளே தகட்டை நெருக்கிய மலிவுச் சரக்கில்தான். "டிரைவருக்குப் பழகிடும்" என்பது அடுத்த மறுப்பு. இதை நான் ஏற்கவே மாட்டேன். இரவெல்லாம் ஒரே சுருதியில் காதை அழுத்தும் சத்தம் ஆளைச் சோர்வாக்கும். அதை மறைக்க அவர் பாட்டை உரக்க வைப்பார். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழாது. கேபினுக்குள் இருக்கிற ஒருவருக்கு மட்டும் உள்ள தொல்லையும் இல்லை இது. கீழ்ஸ்தாயி ஒலியைச் சுவர் எளிதில் தடுப்பதில்லை. கிரிவலப் பாதையின் ஒரு பகுதியான செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி லாரி உறுமிக்கொண்டு போனால், சாலையோர வீட்டில் படுத்திருப்பவர்களின் ஜன்னல் கதவும் சேர்ந்து அதிரும்.

பலரும் கவனிக்காதது டெயில் பைப். பழைய சைலன்சரை விடப் புதியது குட்டையாக இருந்தால், மிச்ச இடத்துக்கு ஒரு துண்டுக் குழாயைப் பற்றவைத்துச் சரிக்கட்டிவிடுகிறோம். இரு முனையும் திறந்த 4 மீட்டர் குழாய் சூடான புகையில் 60 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்திசைக்கும். நல்ல சைலன்சரை வாங்கி மாட்டிவிட்டு, உறுமலை நம் கையாலேயே பற்றவைத்த கதையாகிவிடும். எப்போதும் ஒரே ஆர்பிஎம்மில் ஓடும் நெடுந்தூர வண்டி என்றால், முனை மூடிய ஒரு கிளைக்குழாயைப் பக்கவாட்டில் சேர்க்கலாம். 2 மீட்டர் நீளக் கிளை 60 ஹெர்ட்ஸைப் பெருமளவு விழுங்கிவிடும். காரில் அதற்கு இடம் கிடைக்காது. லாரி சேஸியில் உண்டு. ஊருக்குள்ளேயே கியர் மாற்றி மாற்றி ஓடும் வண்டிக்கு அது வீண் செலவு.

எதையும் கழற்றுவதற்கு முன் அடியில் படுத்துப் பார். ரப்பர் மவுண்ட் கல்லாக இறுகியிருக்கும். அல்லது கிராஸ் மெம்பரில் ஒரு விரல்கடை அளவுக்கு பெயின்ட் உரிந்து பளபளத்துக்கொண்டிருக்கும். குழாய் அங்கே உரசுகிறது, அதிர்வு நேராகச் சட்டத்தில் ஏறிக் கேபினுக்குப் போகிறது. அப்படியானால் மவுண்டை மட்டும் மாற்று, சைலன்சரை விற்காதே. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரியில் சைலன்சர் பெட்டிக்குள்ளேயே புகையைச் சுத்திகரிக்கும் பாகங்களும் சென்சார்களும் இருக்கின்றன. அதற்குக் கம்பெனிப் பொருளைத் தவிர வேறெதையும் மாட்டாதே. சைலன்சரே வேண்டாம், குழாயை மட்டும் நீட்டிவிடு என்று கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிடு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் இரைச்சல் வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

மாட்டி முடித்ததும் பட்டறை வாசலில் ரேஸ் பண்ணிக் காட்டிக் காசு வாங்காதே. வழக்கமான லோடோடு வரச் சொல்லி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாப் கார்டில் எழுதிய அதே ஆர்பிஎம்மில் செங்கம் வரை போய் வா. உறுமல் இன்னும் இருந்தால் சைலன்சரைக் குறை சொல்வதற்கு முன் டெயில் பைப்பில் ஒரு முழம் வெட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்.