அலுவலகக் கோப்புகளுக்குச் சொந்த சர்வர்: நெக்ஸ்ட்கிளவுட் நிறுவுவது எப்படி?

பத்துப் பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகம் ஒன்று. வாடிக்கையாளர்களின் கணக்குகள், ஒப்பந்தங்கள், கொட்டேஷன்கள் எல்லாம் ஒரு ஊழியரின் சொந்த ஜிமெயில் கணக்கோடு சேர்ந்த டிரைவில் கிடக்கின்றன. அவர் வேலையை விட்டால் கோப்புகள் யாருக்கு? இந்தக் கேள்வி உறுத்துகிறதென்றால் நெக்ஸ்ட்கிளவுடைப் பரிசீலிக்கலாம். கோப்புகளைச் சொந்த சர்வரில் சேமித்துப் பகிர உதவும், 2016 முதல் வளர்ந்துவரும் திறமூல மென்பொருள் இது. ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசே தன் அலுவலகங்களை இதற்கு மாற்றி வருகிறது.

முதலில் எதை மாற்றுவதில்லை என்று முடிவுசெய்யுங்கள். மின்னஞ்சலைத் தொடாதீர்கள். சொந்தமாக மெயில் சர்வர் வைத்தால் உங்கள் கடிதங்கள் ஸ்பாமில் போய் விழக்கூடும். அதைச் சரிசெய்வதே முழுநேர வேலையாகிவிடும். கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, சர்வர். அலுவலகத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டரை வைக்கலாம்தான். ஆனால் கரன்ட் போகும், யுபிஎஸ் வேண்டும், பிராட்பேண்டில் நிலையான ஐபி முகவரியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தியாவில் உள்ள டேட்டா சென்டரில் ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுப்பதே நல்லது. 4 ஜிபி ரேம், இரண்டு கோர் போதும். ஆவணங்களைப் பிரவுசரிலேயே பலர் திருத்துவார்களென்றால் 8 ஜிபி. கம்பெனிகளாகப் பதிவானவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டது.

சர்வரில் உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்பைப் போட்டு, உங்கள் டொமைனின் கீழ் ஒரு துணைப்பெயரை அதன் ஐபிக்குத் திருப்புங்கள். பிறகு மென்பொருள்களைக் கன்டெய்னர்களாக இயக்கும் டாக்கரை நிறுவி, நெக்ஸ்ட்கிளவுட் தரும் 'ஆல்-இன்-ஒன்' கன்டெய்னரை இயக்குங்கள். அதற்கான கட்டளை அவர்களுடைய ஆவணப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பிரவுசரில் சர்வரின் ஐபியை 8080 போர்ட்டோடு திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அதைத் தாண்டிப் போகலாம். திரையில் காட்டும் நீண்ட கடவுச்சொற்றொடரைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். டொமைன் பெயரைக் கொடுத்துத் தொடங்கச் சொன்னால் எஸ்எஸ்எல் சான்றிதழை அதுவே வாங்கிக்கொள்ளும்.

அட்மின் கணக்கில் அன்றாட வேலை பார்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, அனைவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. வாடிக்கையாளர் கோப்புகளை யாருடைய தனிக் கணக்கிலும் வைக்காமல், குழுவுக்கான பொது ஃபோல்டரில் வையுங்கள். அதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது. ஆள் போனாலும் கோப்பு போகாது என்பதற்கு உத்தரவாதம் இதுதான்; மென்பொருளை நிறுவியதால் மட்டும் அது கிடைத்துவிடாது.

பழைய கோப்புகளை கூகுள் டேக்அவுட் மூலம் இறக்கலாம். ஷீட்கள் எக்செல் கோப்பாக மாறி வரும். ஃபார்முலாக்களைச் சரிபாருங்கள், ஷீட்டுக்குள் எழுதிய ஸ்கிரிப்டுகள் இங்கே ஓடாது. பழைய கணக்கை உடனே அழிக்காமல் ஒரு மாதம் விட்டுவையுங்கள்.

இனி பேக்கப். உண்மையான வேலை இங்கேதான். ஆல்-இன்-ஒன்னில் போர்க் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. நேரம் குறித்துவிட்டால் தினமும் என்கிரிப்ட் செய்த நகல் எடுக்கும். ஆனால் அந்த நகல் அதே சர்வரில் கிடந்தால் சர்வர் போகும்போது அதுவும் போகும். அலுவலகத்திலுள்ள ஒரு ஹார்ட் டிஸ்குக்கு அது வந்து சேர வழிசெய்யுங்கள். போர்க்கின் கடவுச்சொல் இல்லாமல் நகலைத் திறக்கவே முடியாது. அதுவும் பீரோவுக்குள் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அப்டேட்களையும் தள்ளிப்போடாதீர்கள். நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பெரிய பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க முடியாது; வரிசையாகத்தான் ஏற வேண்டும். இரண்டு வருடம் விட்டுவிட்டுப் பிடித்தால் ஒரு வாரம் போய்விடும்.

இதையெல்லாம் மாதம் சில மணி நேரம் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க முடியாவிட்டால், சொந்த சர்வர் வேண்டாம். கூகுள் டிரைவ் போன்ற சேவையில் கம்பெனி டொமைனுக்குக் கட்டணக் கணக்கு வாங்கி, அட்மின் சாவியை முதலாளி கையில் வைத்துக்கொள்வதே மேல்.