நெருக்கடிக் காலத்தில் அங்கத்தினர் தொடர்பு

வரவு குன்றிய ஆண்டில் ஒரு சங்கம் முதலில் நிறுத்துவது எதனை? நாம் தணிக்கைக்குச் சென்ற இடங்களில் கண்டவரை, சுற்றறிக்கையையும் அங்கத்தினர் கூட்டத்தையுமே ஆகும். தாள் செலவும் தபால் செலவும் மிச்சம் என்று நிர்வாகக் குழுவினர் கருதுகின்றனர். நல்ல செய்தி இல்லாதபோது எதைச் சொல்வது என்ற தயக்கமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. இந்தச் சிக்கனம் சரிதானா என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

ராச்டேல் தரும் படிப்பினை

இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் நகரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், 28 பவுன் மூலதனத்துடன் கூட்டுறவுக் கடை திறக்கப்பட்ட வரலாறு நம் அங்கத்தினர் பலருக்கும் தெரியும். அச்சங்கம் பின்னர் பட்ட துன்பத்தை அறிந்தோர் சிலரே.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுத் தென்பகுதித் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. அங்கிருந்து வந்த பஞ்சையே பெரிதும் நம்பியிருந்த லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. 1862-இன் இறுதியில் அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் நிவாரண உதவியால் உயிர் வாழ்ந்தனர். அப்போது இந்தியப் பஞ்சு பெருமளவில் அங்கு ஏற்றுமதியாயிற்று. பருத்தி விளைவித்தோருக்கு நல்ல விலை கிடைத்தது. நம் கைத்தறியாளரோ பஞ்சின் விலையேற்றத்தால் வருந்தினர்.

ராச்டேல் சங்கத்தில் 1861-இல் 3,900 பேர் இருந்தனர்; மறு ஆண்டு 3,501 பேராகக் குறைந்தனர். நிதியும் 42,925 பவுனிலிருந்து 38,465 பவுனாக இறங்கிற்று. ஆயினும் பஞ்சுப் பஞ்சம் தீருமுன்பே, 1863-இல் 4,013 பேரும் 1864-இல் 4,747 பேரும் அங்கத்தினராயினர்.

இதற்குக் காரணங்கள் பல. கலப்படமற்ற சரக்கும் ரொக்க விற்பனையும் அவற்றுள் அடங்கும். எனினும் ஒன்றை நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டம் கூட்டிக் கணக்கை அங்கத்தினர் முன் வைப்பது அவர்களது விதி. உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கி, நூல்நிலையமும் செய்தித்தாள் படிக்கும் அறையும் நடத்தினர். விகிதமாக ஒதுக்கிய நிதி வரவு குறைந்தால் தானும் குறையும். உபரி உள்ளவரை அடியோடு அற்றுப்போகாது. இவ்வாறு தொடர்பு அறாமல் இருந்த வடஇங்கிலாந்துச் சங்கங்கள், அந்தத் துன்ப நாட்களிலேயே, 1863-இல், ஒன்றுகூடித் தமக்கென மொத்தக் கொள்முதல் சங்கம் ஒன்றையும் நிறுவின.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் துணி தேங்கிற்று. வரவேண்டிய பாக்கியும் வரவில்லை. நிர்வாகக் குழுவினர் ஒன்பது மாதம் வாய் திறக்கவில்லை. 'வைப்புத்தொகை போய்விட்டது' என்று ஊரில் வதந்தி பரவியது. இரண்டு வாரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டு அங்கத்தினர் வரிசையில் நின்றனர். நாம் சென்று ஏடுகளைப் பார்த்தோம். ஒரு ரூபாயும் கையாடப்படவில்லை. இருப்பறையில் துணி இருந்தது. பாக்கிக்குப் பத்திரங்கள் இருந்தன.

முதிய நெசவாளர் ஒருவர் எம்மிடம், "நூல் இல்லையென்றால் பொறுத்திருப்போம் ஐயா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவருக்குச் சொல்ல எம்மிடம் விடை இல்லை. விலகியவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்கள் இன்று தனியார் முதலாளிகளிடம் கூலிக்கு நெய்கின்றனர்.

செய்யத்தக்கவை

1. மாதந்தோறும் ஒரே தாளில் ரொக்கக் கையிருப்பு, சரக்கு இருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது ஆகிய நான்கையும் எழுதிச் சங்க வாயிலில் ஒட்டுக. விளைவிப்போர் சங்கமாயின் கிடங்கிலுள்ள மூட்டைகளின் எண்ணிக்கையையும் சேர்க்க. எழுத்தறியாதோருக்குப் படித்துக் காட்டுக.

2. கெட்ட செய்தியைச் சங்கமே முதலில் சொல்லுக. வதந்தி முந்திக்கொண்டால், பின்னர் சொல்லும் உண்மையும் சாக்குப்போக்காகவே தோன்றும்.

3. நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவிலுள்ள அங்கத்தினர் வீடுகளுக்கு மாதம் ஒரு முறை செல்க. சரக்குக் கொடுப்பதை நிறுத்தியவர் வீட்டுக்கு முதலில் செல்க.

4. பணம் மட்டும் கேட்கவேண்டா. எந்தக் கரை விலைபோகும், எந்தச் சந்தையில் என்ன விலை என்று யோசனையும் கேட்க. இருப்பை எண்ணும்போது இரண்டு அங்கத்தினரை உடன் அழைக்க.

5. இச்செலவுக்கென ஒரு விகிதத்தைப் பொதுப்பேரவையில் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்க.

சங்கம் தமது என்று எண்ணுகிறவர் கஷ்டத்தையும் பகிர்ந்துகொள்வர். நிலைமையை மறைத்தால் அவர்களை நாமே அந்நியராக்குகிறோம்.

சிந்தனைக்கு

உங்கள் சங்கத்தின் சென்ற மாத இருப்பு உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிடில் அதை இதுவரை யாரிடமேனும் கேட்டதுண்டா? சென்ற ஆண்டு விலகியவர் வீட்டுக்கு யார் சென்றார்? அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கலந்து பேசுங்கள்.