கரண்ட் வைக்கும்போது மாத்திரை எதற்கு?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 62. மலக்குடலில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்னால் ஐந்தரை வாரம் கரண்ட் வைக்க வேண்டும், கூடவே கேபசைட்டபைன் மாத்திரையும் போட வேண்டும் என்கிறார்கள். “நேராக வெட்டி எடுக்காமல் எதற்கு இத்தனை சுற்று? இரண்டில் ஒன்று போதாதா?” என்கிறார். தினமும் ரயிலில் சென்ட்ரல் போய்வர வேண்டும். மஞ்சள் கேப்சூல் கொடுத்தால் கரண்ட் நன்றாக வேலை செய்யுமாமே, கொடுக்கலாமா?

– வாசகி, திருமுல்லைவாயில்

பதில்: மாத்திரையைத் தனி வைத்தியமாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. நீங்கள் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் மாத்திரையின் முக்கிய வேலை, கதிரின் அடியைப் புற்றுசெல் தாங்க முடியாமல் செய்வது.

கதிர் பட்டதும் செல்லின் டிஎன்ஏ இழை அறுகிறது. செல் சும்மா இருக்காது. மறுநாள் கதிர் வருவதற்குள் அறுந்ததை ஒட்டப் பார்க்கும். அதற்குத் தைமிடின் சரக்கு வேண்டும். கேபசைட்டபைன் உடலுக்குள் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறி, அந்தச் சரக்கைத் தயாரிக்கும் நொதியை முடக்குகிறது. இந்த மாற்றத்தின் கடைசிப் படியைச் செய்யும் நொதி பெரும்பாலும் கட்டியில்தான் அதிகம். மாத்திரையை விட்டுவிட்டால் செல் பழுதுபார்த்துக்கொள்ள நாமே அவகாசம் கொடுத்தது போலாகும்.

நம் ஊருக்கு இந்த வழி புதிதல்ல. 1970-களிலேயே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சோடு ப்ளியோமைசின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, முடிவுகளை மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்கள்.

ஏன் முதலிலேயே வெட்டக்கூடாது? மலக்குடலுக்குக் கதிரும் மருந்தும் ஆபரேஷனுக்கு முன்பா, பின்பா என்று ஜெர்மனியில் ஒப்பிட்டார்கள். 2004-இல் வந்த முடிவு: ஐந்து ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது, முன்பு பெற்றவர்களில் 6 சதவீதம், பின்பு பெற்றவர்களில் 13. கதிர் முடிந்தும் சில வாரம் காக்க வைப்பார்கள். அப்போதும் கட்டி சுருங்கிக்கொண்டிருக்கும். “சும்மா உட்கார வைத்துவிட்டார்கள்” என்று பதற வேண்டாம். பெருங்குடலின் மேல்பகுதியில் வரும் புற்று வேறு கதை. அங்கே பெரும்பாலும் ஆபரேஷன்தான் முதலில்.

மஞ்சளுக்கு வருவோம். குர்குமின் கொடுத்தால் மனிதப் பெருங்குடல் புற்று வளர்க்கப்பட்ட எலிகளில் கதிர் கூடுதலாக வேலை செய்தது என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் மனிதர் விழுங்கும் குர்குமினில் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். அதைச் சரிக்கட்ட மிளகுச்சத்து சேர்த்து விற்கும் கேப்சூல்களால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சள் போதும், கேப்சூல் வேண்டாம்.

அதைவிட எனக்குப் பயம், யாரும் சந்தேகப்படாத சத்து மாத்திரைதான். அதிலுள்ள ஃபோலிக் அமிலம் கேபசைட்டபைனின் விஷத்தன்மையைக் கூட்டும். வீட்டில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரானால் கட்டாயம் சொல்லுங்கள்.

ரயில் அலைச்சல் கஷ்டம்தான். கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பாதியில் நிறுத்த வேண்டாம். இடைவெளி விழுந்தால் மிச்சமுள்ள செல்கள் பெருகும். மாத்திரை, சாப்பிட்டு அரை மணிக்குள். பேதி அடிக்கடி போனாலோ, வாய் புண்ணானாலோ, உள்ளங்கை சிவந்து வலித்தாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடுமுன் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.