ஹைட்ரோகார்பனிலிருந்து அமிலம்: உலோக வினையூக்கிகளின் பங்கு

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. அங்கு வந்து இறங்கும் பயணியின் பாலியெஸ்டர் சட்டை, சுவரில் பூசிய அக்ரிலிக் வண்ணம், தோளில் உறங்கும் குழந்தையின் ஈரம் உறிஞ்சும் அணையாடை ஆகிய மூன்றும் கார்பாக்சிலிக் அமிலங்களிலிருந்து பிறந்தவை. அந்த அமிலங்களுக்கு மூலப்பொருளோ கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் எளிய ஹைட்ரோகார்பன்கள். இம்மாற்றத்தை நடத்தித் தருபவை உலோக வினையூக்கிகள்.

இடர்ப்பாடு எங்கே?

ஹைட்ரோகார்பன் என்பது கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள். அதனுடன் ஆக்ஸிஜனைச் சேர்த்தால் அமிலம் கிடைக்கும் என்று ஏட்டில் எழுதிவிடலாம். ஆனால் ஆக்ஸிஜன் பாதி வழியில் நிற்பதில்லை; கரியமில வாயுவும் நீரும் ஆகும் வரை எரித்துவிடவே முனைகிறது. தொடங்குவதும் கடினம், தொடங்கியபின் நிறுத்துவதும் கடினம். வினையைத் தொடங்கி வைத்து, வேண்டிய இடத்தில் நிறுத்துவதே வினையூக்கியின் பணியாகும். இதனைத் தெரிவுத்திறன் என்பர்.

கொச்சி காட்டும் எடுத்துக்காட்டு

தம்பானூரிலிருந்து இரயிலில் வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றால் எர்ணாகுளம். அதனை அடுத்த அம்பலமுகளில் 1966-இல் தொடங்கப்பட்ட கொச்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்று பாரத் பெட்ரோலிய நிறுவனத்தைச் சேர்ந்தது. 2019 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விரிவாக்கத்தின் மூலம் அங்கு புரோப்பிலின் வாயு மிகுதியாகக் கிடைக்கலாயிற்று. சுத்திகரிப்பு ஆலைகளில் இவ்வாயு சமையல் எரிவாயுவுடன் கலந்து அடுப்பில் எரிந்து போவதுண்டு. அதனை அக்ரிலிக் அமிலமாகவும், அதன் வழிப்பொருள்களாகவும், ஆக்ஸோ ஆல்கஹால்களாகவும் மாற்றும் தொகுதி 2021 பிப்ரவரி 14 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதன் மதிப்பீட்டுச் செலவு சுமார் ரூ.6,000 கோடி. அதுவரை இப்பொருள்கள் பெரும்பாலும் இறக்குமதியாயின. ஆண்டுக்கு ரூ.3,700 முதல் 4,000 கோடி வரை அந்நியச் செலாவணி மிச்சமாகும் என அப்போது எதிர்பார்க்கப்பட்டது.

இரு படிகள்

புரோப்பிலினை அக்ரிலிக் அமிலமாக்கும் வழக்கமான முறை இரு படிகளைக் கொண்டது. முதற்படியில் பிஸ்மத், மாலிப்டினம் ஆக்ஸைடுகள் அடங்கிய வினையூக்கியின் மீது, முந்நூறு டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில், புரோப்பிலின் அக்ரோலின் ஆகிறது. இரண்டாம் படியில் மாலிப்டினம், வனேடியம் ஆக்ஸைடுகளின் மீது, சற்றுக் குறைந்த வெப்பத்தில், அக்ரோலின் அமிலமாகிறது. முதற்படிக்கான வினையூக்கிக் குடும்பம் 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் சோகியோ நிறுவனத்தில் உருவாயிற்று.

இங்கு மாணவர் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. புரோப்பிலினைத் தாக்குவது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அன்று. வினையூக்கியின் படிகக் கூட்டிலுள்ள ஆக்ஸிஜனே. கூட்டில் ஏற்பட்ட வெற்றிடத்தைக் காற்று பின்னர் நிரப்புகிறது. கடன் கொடுத்துத் திரும்பப் பெறும் கூட்டுறவுச் சங்கத்தைப் போன்றது இது. ஆக்ஸிஜன் அளவோடு வழங்கப்படுவதால் முழு எரிதல் தவிர்க்கப்படுகிறது.

வினையில் வெளிப்படும் வெப்பம் மிகுதி. ஆகவே வினையூக்கி மணிகள் ஆயிரக்கணக்கான குறுகிய குழாய்களில் நிரப்பப்படுகின்றன. குழாய்களைச் சுற்றிலும் உருகிய உப்பு ஓடி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. வாயுக் கலவை வெடிக்கும் எல்லைக்குள் புகாதிருக்க நீராவி சேர்க்கப்படுகிறது.

ஒரு கணக்கு

42 கிலோ புரோப்பிலினும் 48 கிலோ ஆக்ஸிஜனும் சேர்ந்தால், கொள்கையளவில் 72 கிலோ அக்ரிலிக் அமிலமும் 18 கிலோ நீரும் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் விளைச்சல் 90 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். மொத்த விளைச்சல் 81 விழுக்காடாகும். கிடைக்கும் அமிலம் சுமார் 58 கிலோ. இரண்டாம் படியின் விளைச்சலை மட்டும் 95 விழுக்காடாக உயர்த்தினால் சுமார் 61.5 கிலோ கிடைக்கும். அதே மூலப்பொருளிலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் கூடுதல்! இழந்த பங்கின் பெரும்பகுதி கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே செல்வது. எனவே வினையூக்கி ஆராய்ச்சி பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒருங்கே உரியது.

பிற வழிகள்

பாராசைலீனைக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளும் புரோமைடும் துணைநிற்கக் காற்றினால் ஆக்ஸிஜனேற்றினால், பாலியெஸ்டருக்கு அடிப்படையான டெரிப்தாலிக் அமிலம் கிடைக்கிறது. அசெட்டிக் அமிலத்தைப் பெற மெத்தனாலுடன் கார்பன் மோனாக்ஸைடைச் சேர்ப்பதற்கு ரோடியமோ இரிடியமோ பயன்படுகிறது.

எஞ்சியிருக்கும் பெரும் சவால் மீத்தேன். அதன் கரி-ஹைட்ரஜன் பிணைப்பைப் பிளக்க மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் ஆற்றல் தேவை. புரோப்பிலினில் இரட்டைப் பிணைப்பை அடுத்துள்ள பிணைப்புக்கு ஏறத்தாழ 370 போதும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அயுஷ்மான் சென், தம் சக ஆய்வாளர் மின்ரென் லின்னுடன் 1994-இல் அமெரிக்காவில் ஒரு முடிவை வெளியிட்டார். நீரில் கரைந்த ரோடியம் குளோரைடின் துணையால், சுமார் 100 டிகிரி வெப்பத்தில், மீத்தேன், கார்பன் மோனாக்ஸைடு, ஆக்ஸிஜன் ஆகியவற்றிலிருந்து நேரடியாக அசெட்டிக் அமிலம் பெற இயலும் என்பதே அது. வினை மெதுவானது, ரோடியம் அரியது, விலை மிக்கது. எனினும் வழி உண்டு என்பது உறுதியாயிற்று.

நம் கடமை

ஆலையை நிறுவுவது முதற்படி மட்டுமே. வினையூக்கியின் திறன் காலப்போக்கில் குன்றும். அதனை மாற்றியாக வேண்டும். பயன் தீர்ந்த வினையூக்கியிலுள்ள மாலிப்டினமும் வனேடியமும் மண்ணில் கலக்க விடாமல் மீட்கப்பட வேண்டும். அக்ரிலிக் அமிலம் தானே பல்லுறுப்பாகி வெப்பத்தை உமிழக்கூடியது. ஆதலால் தடுப்புப்பொருள் சேர்த்தே சேமிக்கவும் அனுப்பவும் வேண்டும். அனுமதி வழங்கும் அலுவலரும் சாலையில் கண்காணிக்கும் அலுவலரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

தம்பானூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பாப்பனங்கோட்டில், 1975-இல் தோன்றிய மைய அரசின் ஆய்வுக்கூடம் உள்ளது. 2007 முதல் அது தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் எனும் பெயரில் இயங்குகிறது. கொச்சியின் அமிலத்தைப் பயன்படுத்தும் வண்ணத் தொழிலும், தோல் தொழிலும், நெசவுத் தொழிலும் தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ளன. ஆய்வுக்கூடம், ஆலை, சிறுதொழில் ஆகிய மூன்றும் இணைந்து இயங்கினால்தான் மிச்சமாகும் செலாவணி நிலையான வளர்ச்சியாக மலரும். அடுப்பில் எரிந்து போயிருக்கக்கூடிய வாயு ஓர் இளைஞனின் வேலைவாய்ப்பாக மாறுவதில்தான் இந்த வேதியியலின் முழுப்பயன் அடங்கியுள்ளது.