உறைபனியிற் கோழிக்கு நீர்

வேனிற்காலத்திற் புள்ளினங்கட்குத் தண்ணீர் வைத்தல் நன்றென்பதை நம்மவர் யாவரும் அறிவர். கடுங்குளிரிலும் கோழி விடாயால் வருந்துமென்பதையோ நாம் எளிதில் நினையோம். அமெரிக்க நாட்டின் மின்னெசோட்டா, கனடாவின் குவிபெக்கு முதலிய வடபுலங்களில் கொல்லையிற் கோழி வளர்ப்போர்க்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெருஞ்சோதனைக் காலமாம். காலையில் வைத்த நீர் நண்பகலுக்குள் கல்லாகிவிடும். கோழிகள் கலத்தைச் சூழ்ந்து நின்றும் ஒரு துளி பெறா. அவற்றிற்கு நீரூட்டுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நீரின் தேவையை நோக்குவாம். முட்டையிடும் பெட்டை நாளொன்றுக்கு ஏறக்குறையக் கால் லிட்டர் நீர் பருகும். முட்டையின் உள்ளீட்டில் நான்கில் மூன்று பங்கு நீரே. மேலும், கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய தானியம் கழுத்தடிப் பையில் நீரால் ஊறி மென்மையாதல் வேண்டும். நீர் கிடையாதாயின் கோழி இரை குறைக்கும். இரை குறையின் உடற்சூட்டைக் காத்தல் அரிதாம். இங்ஙனம் விடாய் பசியாகவும், பசி குளிராகவும் மாறிக் கோழியை மாய்க்கும்.

சுற்றிலும் கிடக்கும் வெண்பனியைக் கொத்தித் தின்னலாகாதோ எனிற் கூறுதும். தின்னும், ஆயினும் அது பெருஞ்செலவு. ஒரு கிராம் பனியை உருக்க மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்நீர் கோழியின் உடற்சூடாகிய 41 டிகிரியை எய்த மேலும் 41 கலோரி வேண்டும். எனவே 250 கிராம் பனிக்கு 30,250 கலோரியாகும். இஃது ஒருநாள் இரையாற் கோழி பெறும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. இவ்வரியைக் கோழியின்மேற் சுமத்தாது வளர்ப்போரே தம் அடுப்பாற் செலுத்துதல் முறை.

எளியோர்க்கு உகந்த வழி, நாளைக்கு இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீர் கொணர்ந்து மாற்றுதலே. கோழி இரவிற் பருகாதாகலின், மாலையிற் கலத்தைக் கவிழ்த்து, விடியலில் நிரப்பல் வேண்டும். நீர் உறையுங்கால் நூற்றுக்கு ஒன்பது பங்களவு பருமன் மிகுதலின் மட்கலமும் கண்ணாடியும் வெடிக்கும். கருநிற ரப்பர்த் தொட்டியோ வளைந்து கொடுக்கும். கவிழ்த்துத் தட்டினாற் பனிக்கட்டி கழன்று விழும். வெயிற்சூட்டையும் நன்கு ஏற்கும். மின்வசதியுடையார், உறைநிலையை நெருங்குகையில் தானே சூடேறும் அடித்தட்டைக் கலத்தின்கீழ் வைப்பர். வைக்கோல் நிறைந்த கூட்டில் வெப்பவிளக்கைத் தொங்கவிடுதல் தீவிபத்திற்கு இடமாகும். நீர் உறையாதிருக்க உப்பிடுதலும் தகாது. மிகுந்த உப்புக் கோழிக்கு நஞ்சாம்.

கூட்டினுள் நீர் சிந்துதலும் தீதே. ஈரக்காற்றும் கடுங்குளிரும் கூடின் கொண்டையின் தசை உறைந்து கருகும். பருகுங்கால் நனையும் தாடிக்கும் அதுவே கதி. ஆதலின் வாய்குறுகிய கலமே நன்று. இவ்வின்னலைக் கருதியே குவிபெக்கின் ஓக்கா மடத்துத் துறவி வில்ஃபிரிட் சாட்லேன் என்பார், கொண்டையும் தாடியும் மிகச் சிறுத்த சாண்டெக்ளேர் என்னும் கோழியினத்தை உருவாக்கினார். அவ்வினம் 1921-இல் அமெரிக்கக் கோழிவளர்ப்போர் சங்கத்தின் ஏற்பைப் பெற்றது. ஆயினும், கொண்டை சிறுத்த கோழிக்கும் விடாய் சிறுக்கவில்லை.

வீட்டுக்கோழியின் முன்னோர் இந்தியா முதலிய வெப்பநாடுகளில் வாழும் செங்காட்டுக் கோழிகளாம். அவ்வினத்தைப் பனிநாட்டிற்குக் கொண்டுசென்றவன் மனிதன்; கூட்டில் அடைத்தவனும் அவனே. காட்டுப்புள் உறையாத ஓடையை நாடிப் பறக்கும். அடைபட்ட கோழிக்கு அவ்வழி இல்லை. ஆகலின் இருள் பிரியுமுன் பனியில் நடந்து ஒரு வாளி நீர் சுமப்பதை அருள் என்பதினும் கடன் என்பதே பொருந்துமென யாம் கருதுகின்றோம்.