மூலை அலமாரியின் முதுகைப் பார்

சந்திரகிரி

அன்புள்ள தங்கைக்கு,

திருப்பதியில் குடிபோன வீட்டுக் கூடத்துக்குப் பழங்காலத்து மூலை அலமாரி ஒன்று வேண்டும், அதற்காகக் காரைக்குடி போகப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல ஆசைதான். நாளைக்கே பஸ் ஏறிவிடாதே. இதைப் படித்துவிட்டுப் போ.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூலையில் நிறுத்தும் அலமாரிக்கு வேலையே இருந்ததில்லை. விளக்குக்குச் சுவரில் மாடம், நெல்லுக்குக் குதிர், பட்டுக்கும் நகைக்கும் மரப்பெட்டி. இவ்வளவுதான் சாமான். எங்கள் ஊர்க் கோட்டையில் ராஜ மகாலைப் பார்த்திருப்பாய். மூன்று அடுக்கு மாளிகை அது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, மரமே சேர்க்காமல் கட்டியது. அங்கிருந்து ஆண்ட ஆரவீடு அரசர்களுக்குக் கீழிருந்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர்தான் 1639இல் கடற்கரையில் ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்தார். சென்னை அங்கே வளர்ந்தது. மேசை, நாற்காலி, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி என்று அவர்கள் வீட்டுச் சாமான்களும் அந்த வழியாகவும் நம்மிடம் வந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஹாலந்திலும் இங்கிலாந்திலும் பீங்கான் கோப்பைகளை அடுக்கிக் காட்ட மூலை அலமாரி செய்தார்கள். அதையே நம் ஆசாரிகள் தேக்கிலும் ஈட்டியிலும் செய்து கொடுத்தார்கள். எவ்வளவு கைதேர்ந்தவர்கள் என்றால், அதே நூற்றாண்டில் விசாகப்பட்டினத்தில் தந்தம் பதித்துச் செய்த மரச்சாமான்களை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இன்றும் வைத்துக் காக்கிறது.

காரைக்குடிக் கதை வேறு. ரங்கூனிலும் மோல்மேனிலும் தொழில் செய்த நகரத்தார் பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். பங்கு பிரிந்து வீடுகள் இடிபட்டபோது தூணும் நிலையும் அலமாரியும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தன. இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கடைகளில் இரண்டு வகைச் சரக்கு நிற்கும்: பழைய அலமாரி ஒன்று, பழைய கதவையும் உத்தரத்தையும் அறுத்துப் புதிதாகச் செய்த அலமாரி இன்னொன்று. இரண்டாவது வகையில் குற்றமில்லை. மரம் நூறு வருடம் காய்ந்தது, இனி எளிதில் முறுக்காது. உன் வீட்டுக்கு அதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதற்கு முதல் வகையின் விலையைக் கொடுக்கக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதே. அலமாரியைச் சுவரைவிட்டு நகர்த்தச் சொல்லி முதுகைப் பார். சுவரோடு ஒட்டி நிற்கும் பக்கத்துக்கு எந்த ஆசாரியும் மெருகு போட மாட்டார். அங்கே இழைப்புளி படாத முரட்டுப் பலகை, ரம்பக் கீறல், காலம் படிந்த ஒரே சீரான மங்கல் நிறம் இருந்தால் மனம் நிம்மதி. இரண்டு ஆள் இழுத்த ரம்பத்தின் கீறல் நேராகப் போகும். வட்ட ரம்பத்தின் கீறல் வில்லாக வளையும். வளைந்திருப்பதாலேயே புதிது என்று தள்ளிவிடாதே. ரங்கூனில் 19ஆம் நூற்றாண்டிலேயே நீராவி மில்கள் ஓடின. பிளைவுட் தெரிந்தால் மட்டும் முதுகு மாற்றப்பட்டது என்று வைத்துக்கொள்.

அடுத்து கதவு. கீலுக்குப் பக்கத்தில் மரத்துண்டு வைத்து அடைத்த பழைய குழி இருக்கிறதா, சாவித்துளை இருந்து பூட்டு இல்லாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இருந்தால் அந்தக் கதவு முன்பு வேறெங்கோ தொங்கியதாக இருக்கலாம். நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களில்தான் உலகத்துக்கே வந்தது; பழைய திருகாணிக்கு ஒற்றைப் பிளவுதான். மரம் நீளவாட்டில் அதிகம் சுருங்காது, குறுக்குவாட்டில் சுருங்கும். அதனால் உண்மையாகவே பழைய கதவில், சட்டத்துக்குள் பதித்த பலகையின் ஓரத்தில் பாலிஷ் படாத மெல்லிய கோடு ஒன்று வெளியே வந்திருக்கும். கண்ணாடி பழசாக இருந்தால் அதன் வழியே பார்க்கும்போது எதிர்ச்சுவர் லேசாக நெளியும்.

உன் வீட்டையும் அளந்து கொள். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறுசுவரில் 4 அடி குறித்து, இரண்டுக்கும் நடுவே டேப் பிடி. சரியாக 5 அடி வந்தால் மூலை மட்டம். வராவிட்டால் அலமாரிக்குப் பின்னே சந்து விழும். முக்கோண அலமாரி இரு சுவரிலும் இரண்டிரண்டு அடி பிடித்தால் முகப்பு ஏறக்குறைய 34 அங்குலம், ஆழம் 17 அங்குலம். சுவரடியில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் பட்டையையும் பிளக் பாயிண்டையும் மறக்காதே. கனமான சாமான் கன்னி மூலையில் இருக்கட்டும், ஈசானியத்தில் வேண்டாம் என்று அம்மா சொல்வார். இடம் இருந்தால் கேட்டுக்கொள்.

சட்டம் கொஞ்சம். 100 வருடம் தாண்டிய கலைப்பொருளை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே ‘பின்னால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாம்’ என்று நினைத்து வாங்காதே. தந்தம் பதித்தது எவ்வளவு பழசானாலும் வேண்டாம். தந்த வியாபாரத்துக்கே தடை. நம் சேஷாசலக் காட்டில் செம்மரத்துக்காக உயிர்களே போயிருக்கின்றன. யாராவது செம்மரச் சாமான் என்று சொன்னால், வனத்துறைத் தாள் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே விரலளவு காற்றோட்டம் விடு. சிறு துளைக்குக் கீழே மாவு போலப் புதுத்தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், உடனே மருந்து அடிக்க வேண்டும். பழைய மெருகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அதைச் சுரண்டிவிட்டுப் பளபள வார்னிஷ் அடிக்க எந்த ஆசாரிக்கும் சம்மதம் கொடுக்காதே.

ஏதாவது பிடித்துப்போனால் முன்பணம் கொடுக்குமுன் முதுகு, கீல், அடிக்கால் மூன்றையும் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அலமாரியை நகர்த்திக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதே.

அன்புடன்,
அக்கா