வீட்டுக்கு முற்பணம் கட்டுமுன் விபரக்கூற்றைப் படியுங்கள்

பழைய சோனகத் தெருவில் கம்பி வாங்க வரும் ஒருவர் எத்தனை மில்லிமீற்றர், எந்தக் கம்பனி, எஸ்.எல்.எஸ். முத்திரை உண்டா, தொன்னுக்கு எத்தனை கம்பி வரும் என்று நான்கு கடை ஏறி இறங்கி விசாரித்த பின்னர்தான் பணத்தை எண்ணுவார். நமது வியாபாரிகள் சரக்குக் கொள்வனவில் அவ்வளவு இலகுவில் ஏமாறுவதில்லை. ஆனால் அதே வியாபாரி, இருபது வருட உழைப்பைக் கொட்டி கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கும்போது கேட்பதெல்லாம் மூன்று கேள்விகள்தான். எத்தனை அறை? டைல்ஸ் என்ன நிறம்? கடைசி விலை என்ன?

கொட்டாஞ்சேனையிலும் அதனைச் சூழவுள்ள பகுதிகளிலும் சில பேர்ச்சஸ் காணியில் நின்ற பழைய வீடுகள் உடைக்கப்பட்டு, அதே இடத்தில் ஐந்து, ஆறு மாடிகள் எழும்புகின்றன. பெரும்பாலான வீடுகள் கட்டி முடிவதற்கு முன்னரே விற்கப்படுகின்றன. அதாவது, நாம் வாங்குவது வீட்டை அல்ல. ஒரு வரைபடத்தையும், ஸ்பெசிபிகேஷன் என்று சொல்லப்படும் விபரக்கூற்றையும்தான் வாங்குகிறோம். எனவே அந்தத் தாளைச் சரக்குப் பட்டியலாக எண்ணி வரிவரியாகப் படிக்கவேண்டும் என்பதே இவ்வாரம் நான் சொல்ல வருவது.

அளக்க முடியாத சொற்கள்

புளூமெண்டால் வீதிப் பக்கத்தில் வீடு பார்த்த ஒரு நண்பர், கம்பனி கொடுத்த நான்கு பக்க விபரக்கூற்றை என்னிடம் காட்டினார். அதில் இரண்டரைப் பக்கம் டைல்ஸ், சமையலறை அலுமாரி, குளியலறைச் சாதனங்கள் பற்றியது. அத்திவாரம், தூண், ஸ்லாப் அனைத்துக்கும் சேர்த்து ஒரேயொரு வரி: "பொறியியலாளரின் வரைபடத்தின் பிரகாரம்". கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி விரிவாகவும், கட்டடத்தைத் தாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதப்பட்டிருந்தால், அங்கேயே நாம் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்து, பென்சில் ஒன்றை எடுத்து, அளந்து பார்க்கமுடியாத சொற்களின் கீழ் கோடிடுங்கள். "முதல்தர சீமெந்து", "உயர்தர டைல்ஸ்", "இறக்குமதி செய்யப்பட்ட குழாய்கள்" என்பன விளம்பரச் சொற்கள். இறக்குமதிப் பொருளிலும் மலிவான ரகம் உண்டென்பது நமக்குத் தெரியாததல்ல. இவற்றின் இடத்தில் பெயர், அளவு, தரம் ஆகிய மூன்றும் வரவேண்டும். சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107, முறுக்குக் கம்பிக்கு எஸ்.எல்.எஸ். 375, சீமெந்துக் கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 855, பீ.வீ.சீ. குழாய்க்கு எஸ்.எல்.எஸ். 147 என்று இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தரங்கள் இருக்கின்றன. இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள்.

"அல்லது அதற்குச் சமமானது" என்ற வாசகம் மிகவும் கவனிக்கத்தக்கது. சந்தையில் ஒரு பொருள் கிடைக்காமல் போவது உண்மைதான். ஆகவே அந்த வாசகத்தை அடியோடு நீக்கும்படி கேட்பது நியாயமாகாது. ஆனால் சமமானது எது என்று யார் தீர்மானிப்பது? "வாங்குபவரின் எழுத்துமூலச் சம்மதத்துடன்" என்ற சொற்களைச் சேர்த்தால் போதும், வாசல் அடைபட்டுவிடும்.

பூச்சுக்குள் மறைவது

டைல்ஸ் பிடிக்காவிட்டால் மாற்றலாம். தூணை மாற்ற முடியாது. எனவே கொங்கிறீட் பற்றிய கேள்விகளே முதன்மையானவை.

கொங்கிறீட்டின் தரத்தை இலக்கத்தால் குறிப்பார்கள். தரம் 25 என்றால், வார்த்து 28 நாட்களின் பின் சோதிக்கும்போது அது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கவேண்டும். இதற்காக ஸ்லாப் போடும் நாளிலேயே அதே கலவையிலிருந்து 150 மில்லிமீற்றர் சதுரக் கட்டிகளை வார்த்தெடுத்து, பின்னர் ஆய்வுகூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். நேர்மையாகக் கட்டுபவரிடம் ஒவ்வொரு மாடிக்கும் இந்த அறிக்கை இருக்கும். கேட்டால் காட்டுவதில் அவருக்குச் சிரமம் எதுவுமில்லை.

கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்கு அருகில் இருப்பதால் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்புக் காற்று கொங்கிறீட்டுக்குள் மெல்ல ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கொங்கிறீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். பழைய கட்டடங்களின் பல்கனி அடியில் சீமெந்து பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான். இதற்குக் காவல், கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையில் விடப்படும் கொங்கிறீட்டின் தடிப்பு. அது எத்தனை மில்லிமீற்றர் என்று விபரக்கூற்றில் இருக்கவேண்டும். கடல் மணல் பாவித்தால் அது கழுவப்பட்டதா, உப்பின் அளவு சோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். கழுவிய கடல் மணல் பாவிப்பது தவறல்ல. கழுவாததைப் பாவிப்பதே ஆபத்து.

மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். ஒரு மாடி வீட்டைத் தாங்கிய நிலம் ஆறு மாடியையும் தாங்கும் என்று நாமாக முடிவு செய்ய முடியாது.

இவையெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல. 2014 ஜூன் 28ஆம் திகதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் குடியிருப்புக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அருகிலிருந்த மற்றைய கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நமது கொழும்பிலும் 2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தை சவோய் திரையரங்கின் பின்புறத்தில் பல மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

தண்ணீரும் மின்சாரமும்

இடிந்து விழும் கட்டடங்கள் அபூர்வம். ஒழுகும் கட்டடங்கள் ஏராளம். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் வீட்டு முகட்டில் ஒழுகினால், அயலவருடனான உறவும் சேர்ந்து கெடும். ஆகவே நீர்க்கசிவுத் தடுப்புக்கு எந்தப் பொருளை எத்தனை பூச்சு பூசுகிறார்கள், குளியலறைத் தரையிலும் மொட்டைமாடியிலும் தண்ணீரைக் கட்டி ஒருநாள் வைத்துச் சோதித்துக் காட்டுவார்களா என்று கேளுங்கள்.

மின்சாரத்தில் வயரின் அளவைப் பாருங்கள். விளக்குகளுக்கு 1/1.13, பிளக்குகளுக்கு 7/0.67 என்பது நமது நாட்டில் வழமையாகப் பாவிக்கப்படும் அளவு. ஏசிக்கு அதைவிடத் தடித்த தனி வயர் வேண்டும். பின்னர் ஏசி போடும் எண்ணமிருந்தால் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கழிவுநீரை மறந்துவிடாதீர்கள். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி பிரித்தானியர் காலத்தில் தொடங்கியது. வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் அது கடலில் முடிகிறது. ஒரு குடும்பம் பாவித்த இணைப்பில் பன்னிரண்டு குடும்பங்கள் சேரும்போது மாநகர சபையின் அனுமதி உண்டா, குழாயின் அளவு போதுமா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

சதுர அடிக் கணக்கு

விற்கும் சதுர அடி ஒன்று, பாவிக்கும் சதுர அடி இன்னொன்று. சிலர் சுவரின் தடிப்பையும் பல்கனியையும் படிக்கட்டின் பங்கையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 1,100 சதுர அடி என்று விற்கும் வீட்டின் உட்புற அளவு 930 சதுர அடி என்றும், விலை சதுர அடிக்கு 30,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 170 சதுர அடி, அதாவது 51 இலட்சம் ரூபாய். இப்படிக் கணக்கிடுவதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு கட்டடங்களின் விலையை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்காவிட்டால் நட்டம் நமக்கே.

உறுதியில் சேராத தாள்

நம்மவர்கள் வாய்ச் சொல்லை நம்பி இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்பவர்கள். அது நமது வியாபாரத்தின் பெருமை. ஆனால் காணி, வீட்டு விடயத்தில் அது செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையா ஆதனத்தை விற்கும் உடன்படிக்கை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட்டாலே வலுவுள்ளது. ஆகவே விபரக்கூற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் ஒப்பமிட்டு, அதனை விற்பனை உடன்படிக்கையின் அட்டவணையாக இணைக்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் கூறுங்கள். இணைக்கப்படாத விபரக்கூற்று வெறும் விளம்பரத் துண்டுதான்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டைக் கையளித்து ஐந்து வருடங்களுக்குள் அறிவிக்கப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை 30 நாட்களுக்குள் மேலதிகப் பணம் பெறாமல் திருத்திக் கொடுக்கவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால் அதே நிபந்தனையை நமது உடன்படிக்கையில் கேட்டு எழுதிக்கொள்ளத் தடையில்லை.

கட்டட அனுமதியில் எத்தனை மாடி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறுவது யார் பொறுப்பு, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொடர்மாடித் திட்டவரைபு பதிவாகி உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எப்போது கிடைக்கும் என்பதையும் திகதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். கட்டும் ஒப்பந்தகாரர் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில் எந்தத் தரத்தில் பதிவாகியுள்ளார் என்பதையும் விசாரிக்கலாம்.

மேலே சொன்ன நண்பரின் விடயத்தில் நாங்கள் பதினொரு கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். ஏழுக்கு உடனே பதில் வந்தது. கொங்கிறீட் சோதனை அறிக்கை உட்பட மூன்று, சில வாரங்கள் கழித்து வந்தன. நீர்க்கசிவு உத்தரவாதத்தை மட்டும் கம்பனி தர விரும்பவில்லை. அதற்குப் பதிலாக, விலையில் ஐந்து வீதத்தை ஒரு வருடம் நிறுத்திவைத்து, மழைக்காலம் கடந்த பின் செலுத்துவதென்று இணங்கி உடன்படிக்கையில் எழுதினார்கள். சரக்கைச் சரிபார்த்த பின் மீதிப் பணம் கொடுக்கும் நமக்கு இது புதிய முறையல்ல.

எல்லாவற்றையும் நாமே விளங்கிக்கொள்ள வேண்டுமென்பதில்லை. கம்பனியுடன் தொடர்பில்லாத பட்டயப் பொறியியலாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து விபரக்கூற்றையும் வரைபடத்தையும் காட்டுங்கள். வீட்டின் விலையோடு பார்த்தால் அக்கட்டணம் மிகச் சிறியது. அவர் தரும் கேள்விகளைக் கம்பனியிடம் கொடுத்து, எழுத்தில் பதில் கிடைக்கும்வரை காசோலையை எழுதாதீர்கள். "இன்றே கட்டாவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று அவசரப்படுத்தினால், வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். சந்தையில் அந்த வார்த்தையை நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதன் பெறுமதி நமக்குத் தெரியும்.